வேலாயிக்கு ஜாமீன் நின்றவர்

வேலாயிக்கு விதவை உதவித்தொகை நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. முதல் மாதம் பேங்கில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். இரண்டாம் மாதம், ஆதாரில் கோளாறு என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எது வராவிட்டாலும் பழியைத் தூக்கிப் போட ஆதார் ஒன்று இருக்கிறதே. மூன்றாம் மாதம் கடிதமே வந்துவிட்டது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்த அதைப் படம் பிடித்து, மாயாபந்தரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் சித்ராவுக்கு அனுப்பினாள். சித்ரா படித்துவிட்டுப் போன் செய்தாள். செய்தவள், சாப்பிட்டியா, அங்க மழையா என்று சுற்றி வளைத்தாள்.

"என்னாடி எழுதியிருக்கு? சொல்லித் தொலையேன்."

"விசாரணைக்கு வரச் சொல்லியிருக்காங்கம்மா. நீ கடன் வாங்கின வெவரமெல்லாம் எடுத்துப் பாத்தாங்களாம். நீ மறுகல்யாணம் பண்ணிக்கிட்டு அத மறைச்சு பென்ஷன் வாங்குறியோன்னு சந்தேகமாம்."

வேலாயி வாய்விட்டுச் சிரித்தாள். அறுபத்தொரு வயதில் கல்யாணம் என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? "மாப்பிள்ள யாராம்?" என்று கேட்டாள்.

"அழகையா மாமா பேரு போட்டிருக்கும்மா."

சிரிப்பு பாதியில் நின்றது. பாலை அடுப்பில் வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லிப் போனை வைத்தாள்.

அந்த உதவித்தொகை ஒன்றும் கொட்டிக் கொடுக்கிற தொகை இல்லை. ஆனால் போர்ட் பிளேரில் மரைன் ஹில் சரிவில் அவள் குடியிருந்த ஒற்றை அறைக்கு வாடகை அதிலிருந்துதான் போயிற்று. ஜாக்கெட் தைத்து வரும் காசு அரிசி பருப்புக்கு. கண்ணில் புரை விழுந்தபிறகு ஊசியில் நூல் கோக்கவே அரைமணி நேரம் ஆயிற்று, தையலும் பாதியாகக் குறைந்துவிட்டது. பென்ஷன் போனால் அறை போகும். அறை போனால் மாயாபந்தரில் மருமகன் வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். மருமகன் தங்கமான பிள்ளை, அதில் குறையில்லை. ஆனால் மாயாபந்தர் பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரம். அங்கே போய்விட்டால் செவ்வாய்க்கிழமைகளில் அழகையா யார் வீட்டு வாசலில் நின்று தபால் கேட்பார்?

அழகையாவுக்கு அறுபத்துநாலு வயது. மனைவியை இழந்தவர், பிள்ளை குட்டி கிடையாது. அபர்டீன் பஜார் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிக்கொண்டு டிலானிப்பூரில் வாடகைக்கு இருந்தார். தனி ஆளுக்கு எந்த வீட்டுக்காரரும் வாடகைச் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை, அடிக்கடி வீடு மாறவும் வேண்டியிருந்தது. அதனால் பேங்க், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் வேலாயியின் விலாசத்தையே கொடுத்து வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வந்து கடிதங்களை வாங்கிப் போவார். பிறகு எல்லாம் போனில் மெசேஜாக வர ஆரம்பித்து, கடிதம் வருவது நின்று ஏழெட்டு வருஷம் இருக்கும். ஆனாலும் செவ்வாய் நாலு மணிக்கு ஆட்டோ கீழே வந்து நிற்பது மட்டும் நிற்கவில்லை.

"தபால் ஏதும் இருக்கா சித்ராம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க. டீ இருக்கு."

வாசலுக்கு வெளியே கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போவார். உள்ளே ஒரு நாளும் வந்து உட்கார்ந்ததில்லை. ஊரார் வாய்க்குப் பயந்து என்று சொல்லலாம். ஆனால் ஊரார் இதை என்றைக்கோ பேசி முடித்து, வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும்தான் இன்னும் பயந்துகொண்டிருந்தார்கள்.

விசாரணைக்கும் அவர்தான் கூட்டிப்போனார். ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, "கேக்குறதுக்கெல்லாம் இல்லன்னு சொல்லிட்டு வந்துரு சித்ராம்மா. சும்மா காயிதம்தானே" என்றார். மாமரத்து நிழலில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விசாரித்தவன் சிவபிரகாஷ் என்ற பையன். முப்பது முப்பத்தொன்று இருக்கும். வெள்ளைக்காரன் கைதிகளைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே தீவில் இருக்கிற குடும்பம். அவன் தமிழில் பாதி இந்திதான் கலந்திருக்கும். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "பைட்டியே அம்மா, உக்காருங்க. டென்ஷன் மத் லோ, பதறாதீங்க" என்றான்.

பிறகு விளக்கினான். யார் எங்கே கடன் வாங்கினாலும், தவணைக்குப் பொருள் எடுத்தாலும், பேர், விலாசம், போன் நம்பர், ஜாமீன் போட்டவர் பேர் எல்லாம் மெயின்லேண்டில் ஒரு கம்பெனியில் போய்ச் சேர்ந்துவிடுமாம். உதவித்தொகை வாங்குகிறவர்கள் பட்டியலை அதோடு ஒட்டிப் பார்த்தார்களாம். செத்துப்போனவர் பேரில் வாங்குகிறவர்கள், கார் வைத்துக்கொண்டு ஏழை என்று வாங்குகிறவர்கள், புருஷனை மறைத்து வாங்குகிறவர்கள் எல்லாம் கையும் களவுமாகச் சிக்கினார்களாம். அந்த வலையில் வேலாயியும் வந்து விழுந்திருந்தாள்.

"ஒங்க பேரோடயும் விலாசத்தோடயும் பதினாலு வருஷமா ஒரு ஆம்பள பேரு சேந்தே வருதும்மா. அவரு கடனுக்கு நீங்க, ஒங்க கடனுக்கு அவரு. நான் படிக்கிறேன், சரியான்னு சொல்லுங்க."

முதலில் வந்தது 2011, தையல் மிஷின் கடன்.

தையல் மிஷின் என்றதும் வேலாயிக்கு, சுனாமி முகாமில் குடியிருந்த தகரக் கொட்டகையின் சூடு முதுகில் அடித்தது. அதற்கு முன்னால் அவள் இருந்தது கச்சால் தீவு ரப்பர் தோட்டம். பத்து வயதில், சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பன் ஆத்தாளோடு மண்டபம் முகாம் வந்து, அங்கிருந்து கப்பலில் கச்சால் போய்ச் சேர்ந்தவள். லயத்து ஒற்றை அறையைத் தோட்டத்து ஜனங்கள் காம்பரா என்பார்கள். அவளும் புருஷன் முனியாண்டியும் ஒரு காம்பரா, அழகையாவும் தமிழரசியும் அடுத்த காம்பரா. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். பலகையில் ஒரு கணு பெயர்ந்து விழுந்த ஓட்டை வழியாகத் தமிழரசி பச்சை மிளகாயை ஒவ்வொன்றாகத் தள்ளுவாள், இவள் பதிலுக்குப் பூண்டுப் பல்லைத் தள்ளுவாள். விடியற்காலம் நாலு பேரும் ஒன்றாகப் பால் வெட்டப் போவார்கள். தமிழரசி சிரித்தால் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். வேலாயி வாழ்ந்த வாழ்க்கையில் வயிறு குலுங்கச் சிரித்ததெல்லாம் அந்த லயத்தில்தான்.

அங்கே சிலோனிலிருந்து கொண்டுவந்த ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் காகிதமானாலும் சாட்சிக் கையெழுத்து பக்கத்துக் காம்பராக்காரர்தான் போட வேண்டும். சொந்தக்காரன் சாட்சி சொன்னால் துரை நம்பமாட்டார். பலகைக்கு அந்தப் பக்கம் படுக்கிறவனுக்குத்தான் இந்தப் பக்கத்து வண்டவாளம் தெரியும் என்பது கணக்கு. முனியாண்டி மலேரியாவில் செத்தபோது சாவுக் காகிதத்தில் சாட்சி போட்டவர் அழகையா. ஆறு வருஷம் கழித்துக் கடல் வந்து தமிழரசியைக் கொண்டுபோனபோது, போர்ட் பிளேர் முகாமில் அவளுக்குச் சாட்சி போட்டவள் வேலாயி. காம்பராவும் இல்லை, பலகையும் இல்லை, பக்கத்துக் காம்பராக்காரர் என்ற முறை மட்டும் மிச்சம் இருந்தது. ஆகவே தையல் மிஷினுக்குக் கடன் வாங்கப் போனபோது ஜாமீனுக்கு வேறு ஆள் தேடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கடன் கொடுத்த பையன் பாரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினான். "ஜாமீன்தாரர் என்ன உறவு?" தகப்பன், கணவர், மகன், சகோதரர் என்று நாலு கட்டம்தான் இருந்தது. பக்கத்துக் காம்பரா என்று ஒரு கட்டம் இல்லை. சகோதரர் என்று சொல்லியிருக்கலாம். அதுவரை அவரை அவள் "அண்ணே" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏனோ அந்த வார்த்தை அன்றைக்கு வாயில் வரவில்லை. அழகையா தரையைப் பார்த்தார். வேலாயி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். பையன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கணவர் கட்டத்தில் அவனாகவே ஒரு டிக் அடித்தான். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வரும்போது மிஷினின் தலைப்பாகத்தை அவர் தோளில் சுமந்துகொண்டு முன்னால் நடந்தார், அவள் பத்தடி பின்னால் வந்தாள். அன்றைக்குப் பிறகு அவரை அவள் அண்ணே என்று கூப்பிடவில்லை. "இந்தாங்க" என்பதோடு சரி.

"அம்மா, இது சரிதானே?" சிவபிரகாஷ் கேட்டான்.

"மிஷின் வாங்குனது சரிதான் தம்பி."

"2014. ஆட்டோ லோன். கடன் அவரு, ஜாமீன் நீங்க."

அது அவள் வாழ்க்கையின் நல்ல நாட்களில் ஒன்று. கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் பஸ்ஸுக்கு நின்றாள். அவர் புது வண்டியைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார். மாலை போட்டிருந்தது, சீட்டில் பாலிதீன் உறை பிரிக்கவில்லை. மரைன் ஹில்லுக்கு ஐந்து நிமிஷத்தில் போய்விடலாம். அவர் கடலோரமாகச் சுற்றி, பஜாரைச் சுற்றி, ஜெட்டியைச் சுற்றி, ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கொண்டுபோய் விட்டார். வழி தவறிவிட்டது என்று சொன்னார். பத்து வருஷமாய்க் குடியிருக்கும் ஊரில் ஓர் ஆட்டோக்காரருக்கு வழி தவறியதாம். அவளும் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டாள். பாலிதீன் உறையின் சூடு புடவையோடு ஒட்டிக்கொண்டது இப்போதும் அவளுக்கு நினைவிருந்தது.

"அதுவும் சரிதான் தம்பி."

"2017. இது அவரு மட்டும் வாங்கின லோன். ஷாதிக்குன்னு போட்டிருக்கு. நாலு வருஷம் தவணை. ஒரு தவணகூட தவறல."

"ஷாதின்னா? யாரு கல்யாணம்?"

"எனக்கென்ன தெரியும்? அந்த வருஷம் மே மாசம் வாங்கியிருக்காரு."

மே மாதம் என்றதும் வேலாயி விரல் விட்டு எண்ணினாள். ஜூனில் சித்ராவுக்குக் கல்யாணம். அதற்கு முந்தின மாதம் அழகையா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தார். தோட்டத்துப் பழைய பி.எஃப். பணம் இப்போதுதான் வந்தது, எனக்கு எதுக்கு, பிள்ளை கல்யாணத்துக்கு வைத்துக்கொள் என்றார். நகை, சாப்பாடு, மாயாபந்தருக்குச் சீர் கொண்டுபோன வண்டி எல்லாமே அந்தப் பை. அதன்பிறகு நாலு வருஷம் அவர் ராத்திரியிலும் ஆட்டோ ஓட்டினார். இந்த வயசில் பணத்தாசை பாரு என்று அவளே ஒருமுறை சித்ராவிடம் குறைப்பட்டிருக்கிறாள். அதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

சிவபிரகாஷ் ஒரு காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தான். கடன் கம்பெனியிலிருந்து வாங்கிய விண்ணப்ப நகல். "லோன் எடுத்தவருக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்குன்னு ஒரு கட்டம் இருக்கும். தமிழ்லயே எழுதியிருக்காரு, பாருங்க."

வேலாயி கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வாரிசு என்ற இடத்தில், வேலாயி என்று இருந்தது. உறவு என்ற இடத்தில், மனைவி.

இந்த முறை எந்தப் பையனும் டிக் அடிக்கவில்லை. அவரே பேனாவைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதியிருந்தார். எட்டு வருஷமாக அவள் ஒருவருடைய மனைவி என்று ஒரு காகிதத்தில் இருந்திருக்கிறது, கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது, மெயின்லேண்டில் முகம் தெரியாத எவனெவனுக்கோ தெரிந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். புரை விழுந்த கண், எப்போதும் தண்ணீர் வடியும் என்று அந்தப் பையன் நினைத்திருப்பான்.

"பயப்படாதீங்கம்மா. அவரு போன வாரமே வந்து ஸ்டேட்மென்ட் குடுத்துட்டாரு" என்று சொல்லி இன்னொரு காகிதத்தைப் படித்தான். "மேற்படி வேலாயியைத் தோட்டத்தில் வேலை செய்த வகையில் தெரியும். அது தவிர அவருக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. விலாசத்தை என் வசதிக்குக் கொடுத்தேன். கடன் கிடைக்க வேண்டும் என்று மனைவி என்று பொய்யாக எழுதினேன். தப்பு என்னுடையது, அவர் பேரில் குற்றம் இல்லை. அழகையா." அதையும் அவள் பக்கம் தள்ளினான். "நீங்களும் எந்தத் தொடர்பும் இல்லன்னு கையெழுத்துப் போட்டா கேஸ் கதம். அடுத்த மாசம் மூணு மாசப் பணமும் சேத்து வந்துடும்."

வேலாயி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே கையெழுத்துதான். ஆனால் புதியதில் அது கோணிக்கொண்டு போயிருந்தது. எந்தத் தொடர்பும் இல்லை என்பதை எழுதுவதற்கு அந்த மனுஷன் எத்தனை நேரம் எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தாள். தனக்காகத்தான் எழுதினார் என்று தெரிந்தும் கோபம் வந்தது. வாடகை கண்முன்னால் வந்தது. மாயாபந்தர் பஸ்ஸும் வந்தது. கையெழுத்துப் போட ஒரு நிமிஷம் ஆகாது. அவள் பேனாவை எடுக்கவும் எடுத்தாள்.

"தம்பி, ஒருத்தரே ரெண்டு விதமா எழுதியிருந்தா, ரெண்டுல ஒண்ணு பொய்தானே?"

"ஆமாம்மா. அந்தப் பழசு பொய்னு அவரே சொல்லிட்டாரே."

"இல்ல தம்பி. பழசுதான் நெசம். போன வாரம் எழுதுனதுதான் பொய். எழுதிக்கங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

சிவபிரகாஷ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "அம்மா, சோச் லோ, நல்லா யோசிங்க. பென்ஷன் போயிடும். இதுவரைக்கும் குடுத்தத திருப்பிக் கட்டச் சொன்னாலும் சொல்லுவாங்க."

"அது எப்படி? இன்னிக்கி வரைக்கும் நான் யாரையும் கட்டிக்கல. யாரோடயும் ஒரு வூட்டுல இருந்ததில்ல. அவரு என் வாசப்படி தாண்டி உள்ள வந்ததில்ல, மரைன் ஹில்லுல யாரை வேணா கேளுங்க. வாங்குனது ஞாயமா வாங்குனது. இனிமேதான் வேணாம்."

"இனிமேன்னா? இப்ப என்ன மாறிப்போச்சு?"

"அத அவருகிட்டயே இன்னும் சொல்லல தம்பி. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, அவள் சொன்னபடியே ஒரு வரி விடாமல் எழுதினான். அவள் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே அழகையா மாமரத்தடியிலேயே இருந்தார். அவள் ஆட்டோவில் ஏறி உட்காரும்வரை காத்திருந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டார். "போட்டியா?"

"போட்டேன். நீங்க எழுதுனது பொய்னு எழுதிப் போட்டேன்."

அவர் விருட்டென்று திரும்பினார். "ஒனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு? நான் அவ்வளவு எழுதிக் குடுத்தும்... பென்ஷன் போச்சுன்னா வாடகைக்கு என்னா பண்ணுவ?"

"சித்ரா கல்யாணத்துக்குக் குடுத்தது பி.எஃப். பணமா?"

அழகையா கழுத்துத் துண்டை எடுத்து, கண்ணாடி சுத்தமாக இருந்தும் முன்கண்ணாடியைத் துடைத்தார்.

"வாரிசுன்னு என் பேர எழுதினீங்களே, அதையும் பாத்தேன்" என்றாள் வேலாயி. "வாடகைக்கு என்னா பண்ணுவன்னு கேட்டீங்க. டிலானிப்பூருல நீங்க ஒண்ணு குடுக்குறீங்க, மரைன் ஹில்லுல நான் ஒண்ணு குடுக்குறேன். ரெண்டு வாடகை எதுக்கு?"

ரோட்டில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் கேட்டார். "தமிழரசி என்னா நெனைப்பா?"

அந்தக் கேள்வியை வேலாயி தனக்குள் கேட்டுக்கொள்ளாத நாள் இருபது வருஷத்தில் ஒன்றுகூட இல்லை.

"அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

அழகையா துண்டை மடித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். முக்கில் மரைன் ஹில்லுக்கு ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் நேராகப் போனார்.

"எங்க போறீங்க? இன்னிக்கும் வழி தெரியலையா?"

"வழியெல்லாம் தெரியும்" என்றார் அழகையா. "டிலானிப்பூர் போயி என் சாமான எடுத்துட்டு வரவேணாமா?"